காலியாத்தானே இருக்கு?

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, ஈ காக்கா இல்லாத ரோட்டில், சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற ரகம். கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால், திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவன் சமீபத்தில் போனில் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னான்.

குடும்பத்தோடு ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் போய் வந்திருக்கிறான். ஃப்ளோரிடாவில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, ஃப்ளோரிடாவிலேயே இறங்குவது. எட்டு மாதம் முன்பே அறை பதிவு செய்துவிட்டானாம்.

‘‘அதே காசுண்ணா. ஆனா ரூம் ஒன்றரை மடங்கு பெரிசு. பாத்ரூம்ல சைக்கிளே ஓட்டலாம்!’’

‘‘அது என்னடா ரூம்?’’

‘‘வீல்சேர்ல வர்றவங்களுக்கான ரூம். உங்கள்ல யாருக்காவது நடக்கிறதுல குறைபாடு இருக்கானு ஒரு கேள்வி வரும். ‘ஆமாம்’னு டிக் போட்டா போதும். டாக்டர் சர்ட்டிபிகேட்கூடக் கேக்க மாட்டாங்க.’’

‘‘யாருக்குடா குறைபாடு?’’

‘‘அத்தைக்கு முழங்கால் வலி இருக்குல்ல?’’

அத்தை என்றால் அவன் மாமியார். ‘‘ஓ, அவங்களும் கப்பல்ல வந்தாங்களா?’’

‘‘சேச்சே, அவங்க கோயமுத்தூர்லல்ல இருக்காங்க!’’

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அப்புறம் என் மௌனத்தில் என்ன புரிந்துகொண்டானோ, அவனாகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். ‘‘காலியாத்தாண்ணா போகும். காலியாப் போறதை நாம எடுத்துக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?’’

முட்டாள்தனமான கேள்வி இல்லை இது. அதிலும் பி.காம் படித்தவனுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். இன்று விற்காத சோப்பை நாளைக்கு விற்கலாம். கப்பல் கரையை விட்டு நகர்ந்த நிமிடத்தில், விற்காத அறையின் விலை பூஜ்யம். சினிமா தியேட்டர் சீட்டும் லாட்ஜ் ரூமும்கூட இப்படித்தான். தக்காளியைவிட வேகமாக அழுகுகிற சரக்கு. அழுகப் போகிற தக்காளியை ஒருத்தன் காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் பாவமா, புண்ணியமா?

ஆனால், அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘காலி’ என்பது கப்பல் கிளம்புகிற அன்றுதான் தெரியும். தம்பி பதிவு செய்ததோ எட்டு மாதம் முன்பு. அன்றைக்குக் கப்பல் முழுக்கவே காலி! ஆயிரத்துச் சொச்சம் அறைகள் காலியாக இருந்தபோது, இந்த ஒரு அறை மட்டும்தான் அவன் கண்ணுக்கு ‘வீணாகப் போகிற’ அறையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த அறையில் அப்படி என்ன விசேஷம்? சாதாரணக் கப்பல் அறையின் கதவு அகலம் பல கப்பல்களில் 22, 23 அங்குலம்தான். சக்கர நாற்காலி நுழைய 32 அங்குலமாவது வேண்டும். சாதாரணக் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். நமக்கு அது காலைத் தூக்கிவைக்கிற சமாசாரம். நாற்காலியில் இருப்பவருக்கு அது மதில் சுவர். அவருக்கான அறையில் மேடு கிடையாது. சுவரில் கைப்பிடிகள், ஷவருக்குக் கீழே மடக்கி விரிக்கிற இருக்கை, எட்டுகிற உயரத்தில் துணி மாட்டும் கம்பி. முக்கியமாக, நாற்காலியை ஒரு சுற்று திருப்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள வெற்றுத் தரை. தம்பி சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னது அந்த ஐந்தடியைத்தான்.

1,500 அறைகள் இருக்கிற ஒரு கப்பலை வைத்துக்கொள்வோம். அதில் இப்படிப்பட்டவை 3 சதவிகிதம் என்றால் 45. தம்பிக்குத் தேர்ந்தெடுக்க 1,500 அறைகள் உண்டு. சக்கர நாற்காலிக்காரருக்கு 45. அதிலும் அவருடைய பட்ஜெட், குடும்பத்தில் எத்தனை பேர், மகனுக்கு எப்போது லீவு என்றெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் ரெண்டோ மூன்றோ மிஞ்சும். அதில் ஒன்றை எடுத்தால், தம்பிக்கு 1,500ல் ஒன்று. அவருக்கு மூன்றில் ஒன்று. சில சமயம் ஒன்றில் ஒன்று.

நம்ம ஊர் ரயிலில் இதே விவகாரம் தினமும் நடக்கிறது. லோயர் பெர்த்தில் ஒரு இளைஞர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படுத்திருப்பார். மிடில் பெர்த் கிடைத்த எழுபது வயசு அம்மா, ‘‘தம்பி, கொஞ்சம் மாத்திக்க முடியுமா?’’ என்று நிற்பார். முக்கால்வாசிப் பேர் எழுந்து கொடுத்துவிடுகிறார்கள். நாமெல்லாம் கர்ணன் பரம்பரை என்பதால் அல்ல. அந்த அம்மா எதிரே நிற்கிறார், அதனால்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடித் தூங்குவது கஷ்டம்.

கப்பலில் அந்தக் கஷ்டம் கிடையாது. ஏனென்றால், அறை கிடைக்காதவர் கப்பலிலேயே இல்லை! எங்கோ ஒரு ஊரில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ‘இந்த வகை அறைகள் விற்றுத் தீர்ந்தன’ என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, ‘சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று எழுந்து போயிருப்பார். தம்பி ஒரு வாரம் முழுக்கக் கப்பலில் தேடியிருந்தாலும் அவரைப் பார்த்திருக்க முடியாது. ‘யாருக்கு நஷ்டம்?’ என்று அவன் கேட்டது நடிப்பில்லை. நஷ்டப்பட்டவர் அவன் கண்ணில் படவே வழியில்லை.

இன்னொரு சங்கதியும் தம்பிக்குத் தெரியாது. டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு, 1914ல் கடல் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவானது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஆபத்து நேரத்தில் தனி உதவி தேவை என்று சொன்ன பயணிகளின் விவரத்தைக் கப்பல் கிளம்பும் முன் குறித்து, கேப்டனிடம் சேர்க்க வேண்டும். டிக் போட்டதோடு நிற்காமல், இல்லாத குறைபாட்டை அந்தப் பட்டியல் வரை கொண்டுபோனால் என்ன ஆகும்? நடுக்கடலில் தீ என்று மணி அடித்தால், யாரோ ஒரு மாலுமி தன் உயிரைப் பணயம் வைத்து, திடகாத்திரமான ஒரு ஆளின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

‘‘இவ்வளவு சிக்கல் இருக்குன்னா, சர்ட்டிபிகேட் கேட்டுத் தொலைய வேண்டியதுதானே? அமெரிக்காக்காரன் என்ன அசடா?’’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அசடு இல்லை. அந்த இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அங்கே 1990ல் வந்தது. ‘எங்கள் கப்பலில் பறப்பது பஹாமாஸ் கொடி, உங்க ஊர்ச் சட்டம் எங்களுக்கு எதற்கு?’ என்பது கப்பல் கம்பெனியின் கட்சி. 1998லும் 1999லும் ஹூஸ்டனிலிருந்து பயணம் போக நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் டிக்கெட் வாங்கிய மாற்றுத்திறனாளிகள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2005ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. கப்பலின் உள்நிர்வாக விஷயங்களில் சில விலக்குகளோடுதான். 2010ல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, பயணிகள் கப்பல்களுக்கென்று தனி விதிகளே எழுதியது. எழுதினால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா? 2015ல் கார்னிவல் நிறுவனம், இத்தகைய அறைகளைச் சரியாகத் தரவில்லை, சரியாகப் பதிவு செய்யவில்லை என்பது போன்ற புகார்களில் அமெரிக்க நீதித் துறையுடன் சமரச ஒப்பந்தம் போட்டது. 3,50,000 டாலர் இழப்பீடு, 55,000 டாலர் அபராதம், 49 கப்பல்களில் 3 சதவிகித அறைகளை இவர்களுக்கு ஏற்றதாக மாற்றுவதாக வாக்குறுதி. மேலே நான் போட்ட 3 சதவிகிதக் கணக்கு அங்கிருந்து எடுத்ததுதான்.

அந்த 2010ம் வருஷ விதியில் என்னைக் கவர்ந்தது, அறையைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை என்பதுதான். அந்த வகுப்பில் மற்ற அறைகளெல்லாம் போகும் வரை இதை யாருக்கும் விற்காதே. கடைசியில் விற்றுக்கொள் என்கிறது. அதாவது, தம்பி இதே அறையை ஒரு பொய்யும் சொல்லாமல் எடுத்திருக்க முடியும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தேவைப்படுகிறவர் பதிவு செய்துவிட்டால், அந்த அறையைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட வேண்டும். பதிவு செய்யும்போது ‘இந்த வசதி தேவைப்படுகிற குறைபாடு உண்டா?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். எழுத்தில் உறுதிமொழி வாங்கலாம். டாக்டர் கடிதம் மாதிரி ஆதாரம் மட்டும் கேட்கக் கூடாது. ஏமாற்று வேலை என்று நியாயமான சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும்.

கடைசிக்கு முந்தைய அந்த வாக்கியம் எனக்கு நெருடியது. ஆதாரம் ஏன் கேட்கக் கூடாது? கேட்டிருந்தால் கோயமுத்தூர் முழங்கால் பிடிபட்டிருக்குமே!

இதை நான் விவாதித்தது ஒரு ஆடிட்டரிடம். இடம், கொல்லிமலையில் சோளக்காடு. நேரம், ராத்திரி எட்டு. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில். அவனுக்காக அங்கே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு ஹாலில் ஏன் கட்டில்? அதைச் சொல்ல வேண்டும்.

என் கல்லூரித் தோழன் அவன். சேலத்தில் ஆடிட்டர். ஒரு விபத்துக்குப் பிறகு பல வருஷமாகச் சக்கர நாற்காலி. கையாலேயே ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இயக்குகிற மாதிரி மாற்றிய காரில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அவனேதான் ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது நான். ஆகாய கங்கை அருவிக்கு அவன் வர முடியாது. ஆயிரத்துக்கும் மேலே படிகள். அதைப் பற்றி அவனுக்குப் புகாரில்லை. ‘‘மலையை எனக்காகச் செதுக்கச் சொல்ல முடியுமா? மேகத்தைப் பார்த்துட்டு, சந்தையில பலாப்பழம் வாங்கிட்டு வருவோம்’’ என்றுதான் கிளம்பினோம். அவன் சண்டை போடுவதெல்லாம் மனுஷன் கட்டின கதவுகளோடு மட்டும்.

எங்கே போவதானாலும் பத்து நாள் முன்பே போன் செய்வான். அவன் பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். சோளக்காட்டு லாட்ஜுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

‘‘வாசல்ல படி இருக்குங்களா?’’

‘‘இல்லைங்க சார்.’’

‘‘ஒண்ணுகூட இல்லையா?’’

‘‘ஒரே ஒரு படிங்க.’’

இந்த ‘ஒரே ஒரு படி’ என்ற சொல்லை ஆயுளில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பான். பேசப் பேச, ஒரு நல்ல சேதி வந்தது. லாட்ஜ் உரிமையாளரின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, அவருக்காகத் தரைத்தளத்தில் ரெண்டாம் நம்பர் அறையை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். சரிவுப் பாதை, பெரிய குளியலறைக் கதவு, கைப்பிடிகள். அப்பா காலமாகிவிட்டார். அறை இருக்கிறது. முன்பணம் அனுப்பி அதையே பதிவு செய்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. பனி இறங்கிவிட்டது. வரவேற்பில் இருந்த பையன் நாற்காலியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். நாலு மணிக்கே அந்த அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டானாம்.

‘‘காலியாத்தாங்க இருந்துச்சு... பாட்டிம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாதுன்னாங்க. உங்களுக்கு மேல நல்ல வியூ இருக்கிற ரூமா வெச்சிருக்கேனுங்க. நாலு பேர் சேந்து அப்படியே தூக்கிடலாங்க சார்.’’

தோழன் சிரித்தான். ‘‘என்னைத் தூக்கிடலாம் தம்பி. பாத்ரூம் கதவை யார் தூக்கறது?’’

மாடி அறைக் குளியலறைக் கதவை நான் ஏறிப் போய் அளந்தேன். 24 அங்குலம். அவன் நாற்காலி 26.

ஆக, சாப்பாட்டு ஹாலில் கட்டில். பையன் பயத்தில் ஓடி ஓடி உபசாரம் செய்தான். மலை மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்திருந்தார்கள், அந்தக் குளிருக்கு அமிர்தம். தோழன் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. காலை வரை கழிப்பறை இல்லை என்று தெரிந்துவிட்டால், தொண்டையில் எதுவும் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பழைய வித்தை. ரயிலிலும் கல்யாண மண்டபங்களிலும் கற்றுக்கொண்டதாம். ஒரு அறை கைமாறினால் ‘யாருக்கு என்ன நஷ்டம்’ என்பதற்கு, அன்று ராத்திரி எனக்கு எதிரே ஒரு டம்ளர் ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம். அந்தக் குடும்பத்தை எழுப்பி அறையை மாற்றச் சொல்லலாம் என்றேன்.

‘‘எழுப்பி?’’

‘‘நிஜமாவே முழங்கால் வலியா, இல்ல பெரிய பாத்ரூமுக்காகச் சொன்ன வலியானு கேப்போம்.’’ கோயமுத்தூர் மாமியார் கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

அவன் சட்டென்று சொன்னான்: ‘‘அந்தப் பாட்டி முழங்காலை நீ எப்படிடா ஆடிட் பண்ணுவே?’’

‘‘சர்ட்டிபிகேட் கேட்டுட்டா பிரச்னையே இல்லையே.’’

‘‘உனக்கு இல்ல. எனக்குத்தான் பிரச்னை. நான் நாற்காலியில உக்காந்திருக்கேன். கால் ரெண்டும் தொங்குது. அப்பவும் கவுன்ட்டர்ல கார்டு கேக்கறான். ஒரிஜினல் கேக்கறான். அதுல எத்தனை சதவிகிதம்னு பார்க்கறான். பொய் சொல்றவன் எவனோ. அவனைப் பிடிக்கறதுக்காகத் தினமும் கையைத் தூக்கிட்டு நிக்கறவன் நான்.’’

சதவிகிதம் என்று அவன் சொன்னது சும்மா இல்லை. நம்முடைய 2016ம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆனால், இடஒதுக்கீடு போன்ற பல பலன்களுக்கு 40 சதவிகிதம் என்று ஒரு கோடு உண்டு. 39 சதவிகிதக் கால் அந்தக் கோட்டுக்கு வெளியே! அந்தப் பாட்டியின் முழங்காலுக்கு எந்த போர்டும் சதவிகிதம் போட்டிருக்காது. நெஞ்சில் பேட்டரி வைத்த ஆசாமி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்... பார்த்தால் பட்டாளத்துக்காரர் மாதிரி இருப்பார். வெளியில் தெரியாத வலிக்கு அத்தாட்சி கேட்க ஆரம்பித்தால், முதலில் திரும்பிப் போகிறவர்கள் யோக்கியர்கள்தான். பொய் சொல்கிறவன் சர்ட்டிபிகேட்டோடு வருவான். நம்ம ஊரில் அது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘‘அப்ப நம்பிட வேண்டியதுதானா? நீ ஆடிட்டர்டா!’’

‘‘ஆடிட்டர்ங்கறதாலதான் சொல்றேன். கம்பெனிக்குப் போனா எல்லா வவுச்சரையும் பார்க்கறேனா? கேள்வி கேக்கறேன். பதிலை எழுதி, கையெழுத்துப் போட்ட கடுதாசியா வாங்கி வெச்சுக்கறேன். சாம்பிளுக்குப் பத்து பாக்கறேன். எங்கயாவது இடிச்சாத்தான் தோண்டறேன். எல்லாத்தையும் சந்தேகப்பட்டா ஒரு பேலன்ஸ் ஷீட் வெளியே வராது. ஆனா, எழுதி வாங்கினேன் பார், அது முக்கியம். வாயால புளுகறவன்ல பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும்.’’

அமெரிக்க விதி சொல்வதும் ஏறக்குறைய இதுதான். கேள், எழுதி வாங்கு, ஆதாரம் கேட்காதே, சந்தேகம் வந்தால் தோண்டு. என் தம்பி டிக் போட்டது ஒரு சின்னப் பெட்டியில். அதற்குப் பதிலாக, ‘என் குடும்பத்தில் இன்னாருக்கு இந்தக் குறைபாடு, அவர் இந்த அறையில் தங்குவார்’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால்? நடுராத்திரி சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன் அவன். எழுதியிருக்க மாட்டான் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

ஆனாலும், தோழனோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆடிட்டர் சந்தேகப்பட்டுத் தோண்டினால் பின்னால் கம்பெனிச் சட்டம் நிற்கிறது. இங்கே நம் கடலில், நம் மலையில், தோண்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியது. கப்பல் வந்துவிட்டது. இந்த அறையை எந்த வரிசையில் விற்க வேண்டும் என்ற பேச்சு நம்மூரில் என் காதில் விழவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களுக்கான வசதித் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில்தான் தீர்ப்புச் சொன்னது.

நல்ல எண்ணம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெரினாவே சாட்சி. 2022 நவம்பர் 27 அன்று, மாற்றுத்திறனாளிகள் அலை வரைக்கும் போக 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை திறந்தார்கள். செலவு 1.14 கோடி ரூபாய். மறுநாளே நல்ல கால் உள்ளவர்கள் குடும்பம் குடும்பமாக அதில் ஏறிக்கொண்டார்கள். மணலில் கால் புதையாமல் நடக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சரி செய்தார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பாதை என்பது பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய பொருள். சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவில் குழந்தை வண்டியும் போகலாம், சூட்கேஸும் போகலாம். ஒதுங்கி வழிவிட்டால் போதும். அறை அப்படியில்லை. ஒரு ராத்திரியில் ஒரு குடும்பம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அறையை நம் பெருந்தன்மைக்கு விட முடியாது. கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவரே நேரில் வந்து, ‘இந்தா, தங்கிக்கொள்’ என்று ரெண்டாம் நம்பர் அறையைத் தானமாகக் கொடுத்திருந்தால் என் தோழன் வாங்கியிருப்பானா என்பது சந்தேகம். முன்பணம் கட்டிய அறை அது. அவனுக்கு வேண்டியது வள்ளல் இல்லை. ஒழுங்காக எழுதி வைக்கிற ஒரு ரெஜிஸ்டர்.

காலையில் அந்தக் குடும்பம் டிபனுக்கு வந்தது. பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று வந்தார். சத்தியமான முழங்கால். கட்டிலையும் நாற்காலியையும் பார்த்து விஷயம் தெரிந்ததும் அவர் மகன் பதறிவிட்டார். ‘‘ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்படியாவது மாத்திக் கொடுத்திருப்போமே சார். அந்தப் பையன் ரிசர்வ் பண்ணின ரூம்னு சொல்லவே இல்லைங்க.’’ தோழனை உடனே உள்ளே அழைத்துப்போய்க் குளியலறையைக் காட்டிவிட்டு, அவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள்.

பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘‘செவுத்துல கம்பி வெச்சிருந்தாங்க கண்ணு. அதைப் புடிச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு தடவை நானே எந்திரிச்சுப் போனேன். எங்க வீட்டுலகூட எவனையாச்சும் எழுப்பணும்.’’

பொய்யன் யாரென்று நான் ராத்திரி முழுக்கத் தேடியதற்கு, காலையில் கிடைத்தது ஒரு அறைக்கு ரெண்டு நிஜமான ஆட்கள்.

பத்து மணிக்கு உரிமையாளர் வந்தார். பாதி வாடகையைத் திருப்பித் தருகிறேன் என்றார். தோழன் அதை வாங்கவில்லை, ரெஜிஸ்டரைக் கேட்டான். ஒவ்வொரு நாள் பக்கத்திலும் ரெண்டாம் நம்பருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘கடைசியில்’ என்று அந்தப் பையனையே எழுதச் சொன்னான். உரிமையாளர் தயங்கினார். ‘‘ஆடிப்பெருக்கு சமயத்துல வல்வில் ஓரி விழா நடக்குமுங்க. அன்னிக்குக் கூட்டம் அலைமோதும். ஒரு ரூமைச் சும்மா போட்டு வைக்க முடியுங்களா?’’

‘‘சும்மா போடாதீங்க. அன்னிக்கு மத்த ரூமெல்லாம் மத்தியானமே போயிடும். அப்புறம் இதைக் கொடுங்க. ஒரு ரூபா நஷ்டமில்லை. ஆனா யாராவது முன்னாடியே இதைக் கேட்டுப் பணம் கட்டிட்டா, இந்தப் பக்கத்துல அவர் பேரை எழுதிடுங்க. அப்புறம் ஜனாதிபதி வந்தாலும் கொடுக்காதீங்க.’’

பையன் எழுதிக்கொண்டே இருந்தான். பாட்டி சொன்னதைத் தோழனிடம் சொன்னேன். அவன் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து உரிமையாளர் கையில் கொடுத்து, பக்கத்து அறையைத் திறக்கச் சொன்னான். குளியலறைக் கதவு 24 அங்குலம். அந்தப் பக்கச் சுவர் செங்கல்தான், தூண் இல்லை. எட்டு அங்குலம் இடிக்கலாம். கைப்பிடிக் கம்பி நாமக்கல்லிலேயே கிடைக்கும். மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டி, என்ன செலவாகும் என்று கேட்டுச் சொல்கிறேன் என்று தோழனின் நம்பரை வாங்கிக்கொண்டார் உரிமையாளர்.

சந்தையில் பலாப்பழம் வாங்கிக்கொண்டு மத்தியானம் மலை இறங்கினோம். ஆறு மாதம் ஆகிறது. அவரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் நாமே செய்து கேட்கலாம் என்றிருக்கிறான்.